வண்டி போன வரப்பு

வாசலில் பச்சை மூங்கிலை வைத்துப் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவிடம் வழி கேட்கப் போன மகன் வெற்றிவேல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வருவதை, புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த செவ்வந்தி பார்த்தாள். அவன் வாயைத் திறக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

சின்னராசு கடைசியாகக் கேட்டது ஒன்றுதான். தன் நிலத்திலேயே தன்னைப் புதைக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால், தம்பி ராஜாங்கத்தின் மக்காச்சோளத்தைத் தாண்டிக் கிடக்கிறது அந்தக் கல்லாங்குத்து நிலம். குழி வெட்ட இரண்டு பேர் விடிந்ததுமே போய்விட்டார்கள். வரப்பில் ஓர் ஆள் நடக்கலாம். பாடை போகாது.

ஒரு காலத்தில் அதில் மாட்டுவண்டியே போகும். ஒவ்வோர் உழவுக்கும் இந்தப் பக்கம் சின்னராசு கொஞ்சம் வரப்பைக் கழிப்பார். அந்தப் பக்கம் ராஜாங்கமும் சளைக்கவில்லை. பிறகு சின்னராசு தம்பியின் நிலத்தையே மடக்கிவிடுவது என்று கோர்ட்டுக்குப் போனார். கேஸ் இழுத்த இழுப்பில் வீட்டை ஒட்டியிருந்த தன் நிலத்தை விற்றார். அது கைமாறிக் கைமாறி ராஜாங்கத்திடமே போய்ச் சேர்ந்தது. இப்போது வரப்புக்கு இரண்டு பக்கமும் ராஜாங்கத்தின் சோளம், கதிர் பிடித்து நிற்கிறது.

போன மாதம் மகள் தேவதர்ஷினி காலேஜ் பரீட்சைக்குச் சத்தமாகப் படித்தாள். ஐரோப்பாவில் அந்தக் காலத்து ராஜாக்கள் பக்கத்து நாட்டைப் பிடிக்க ஏன் அவ்வளவு திணறினார்கள் என்ற பாடம். எதிரி கல்கோட்டைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வான். வெளியே மாதக்கணக்கில் காத்துக் கிடந்தால் கஜானா காலியாகும். கூட வந்த படையோ, அறுப்பு வந்ததும் ஊரைப் பார்க்கக் கிளம்பிவிடும். படுக்கையில் கிடந்தபடி சின்னராசு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"உள்ள கீறவன் சும்மா குந்திக்கினு இருந்தா போதும். வந்தவனுக்குத்தான் சோறு தீரும். இன்னா பாப்பா?"

"இதையே எழுதுனா மார்க் போட்டுடுவாங்கப்பா" என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

ராஜாங்கம் மாலையோடு வந்தார். அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அது நடிப்பில்லை என்று செவ்வந்திக்குத் தெரிந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"கதிர் அறுத்திருந்தா நானே தூக்கினு போயிருப்பேன் அண்ணி. இப்ப எறங்குனா எத்தினி சாலு மண்ணோட போவும்? அண்ணன் வுட்டிருக்குமா? நீங்களே சொல்லுங்க."

செவ்வந்தி புருஷனின் முகத்தைப் பார்த்தாள்.

சோளத்தை மிதித்துக்கொண்டே போவோம் என்று காலையில் எகிறிய நைனார்பாளையத்து ஆட்கள், அவள் பிறந்த வீட்டுச் சொந்தங்கள், உச்சிப்பொழுதுக்குள் கரைந்துபோனார்கள். ஒருவர் கழனிக்கு அறுப்பு மிஷின் வருகிறதாம். இன்னொருவருக்குச் சின்னசேலத்தில் லோடு ஏற்ற வேண்டுமாம். வெற்றிவேல் போனை எடுத்து, ஊர்ச் சுடுகாட்டுக்கு வண்டி சொன்னான். பாடையை ஏற்றும்போது முதலில் தோள் கொடுத்தவர் ராஜாங்கம்தான்.

தார் ரோட்டில் தப்புச் சத்தம் தேய்ந்து அடங்கியது. பெண்கள் வாசலைக் கழுவத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் சோளத்துக்கு அந்தப் பக்கமிருந்து அது கேட்டது. கல்லில் கடப்பாரை விழும் சத்தம்.

"யம்மா, குழி வெட்டப் போனவங்களுக்கு யாருமே சொல்லல" என்றாள் தேவதர்ஷினி.

செவ்வந்தி குடத்தைச் சாய்த்து வாசலில் தண்ணீரை ஊற்றினாள். சத்தம் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.