இடக்கைப் பின்னல்

எஞ்சின் ஒயிலை வடிக்கும் ஆணியின் பூட்டுக்கம்பி இடப்பக்கமாக முறுக்கப்பட்டிருந்தது.

தவச்செல்வன் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கைவிளக்கைக் கிட்டப் பிடித்து இன்னொரு தடவை பார்த்தார். ஆணி தானாகக் கழன்றுவிடாமல் இருக்கக் கட்டும் அந்த மெல்லிய கம்பியை அவர் எப்போதும் வலப்பக்கமாகத்தான் முறுக்குவார். இந்த விமானத்தில் கைவைக்கிற மனிதர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருவர் அவர். மற்றவருக்குப் பிறவியிலேயே இடக்கைப் பழக்கம். அவர் தனக்குச் சொல்லாமல் இதைக் கழற்றிப் பூட்டியிருக்கிறார்.

"பிடிபட்டீர், மச்சான்," என்று விமானக் கொட்டகையான ஹங்காரின் தகரக் கூரையைப் பார்த்துச் சொன்னார்.

மச்சான் என்றது புண்ணியமூர்த்தியை. மனைவி வதனியின் தமையன். சுவிஸ் நாட்டின் ஓல்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. இருவருமாகச் சேர்ந்து ஆறு வருடம், வில் என்ற ஊரில் ஒரு வாடகைக் கராஜில், பெட்டி பெட்டியாக வந்திறங்கிய பாகங்களைப் பொருத்தி இரண்டு பேர் இருக்கக்கூடிய இந்தச் சிறிய விமானத்தைக் கட்டினார்கள். பறக்கும் என்று சொந்தக்காரர் ஒருவரும் நம்பவில்லை. பறந்தது. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ பூட்டிய எஞ்சின் என்பதால், மலைக்கு மேலேயும் மூச்சு வாங்காமல் பறந்தது. வியாழக்கிழமை புண்ணியமூர்த்தியின் முறை, சனிக்கிழமை தவச்செல்வனின் முறை என்று பேசி வைத்து, மூன்று வருடம் சண்டையில்லாமல் ஓடிவிட்டது.

சண்டையில்லாமல் ஓடியதே ஒரு அதிசயம். தவச்செல்வன் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். அடுத்தவன் கடைந்த இரும்பில் பிழை பிடிப்பதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறவர். பழக்கம் வேலையோடு நின்றால் பரவாயில்லை. ஓர்லிகோன் கடையில் வாங்கிய அரிசி மூட்டையை வீட்டில் திரும்ப நிறுப்பார். சாமத்தியச் சடங்கில் தந்த வடையையும் பிய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். இதனால் அவருக்கு நண்பர்கள் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. மச்சான் ஒருவர்தான் எதையும் சிரித்துக் கழித்துவிட்டு இன்னும் கூட நிற்கிறார்.

இப்போது அந்த மச்சானே கள்ளன் என்று ஆகிவிட்டது.

கோடை தொடங்கியதிலிருந்தே எஞ்சினை உயிர்ப்பிக்கும்போது நீலப் புகை வந்தது. நீலப் புகை என்றால் எங்கேயோ ஒயில் எரிகிறது. சிலிண்டர்களைப் பார்த்தார், சுத்தம். இன்று டர்போவுக்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றி, உள்ளே இருந்த சின்னச் சக்கரத்தை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். ஆடியது. ஆடவே கூடாத பக்கத்துக்கும் ஆடியது. டர்போவிலிருந்து ஒயில் திரும்பி வரும் குழாய்க்குள் விளக்கைப் பிடித்தால், தாச்சியின் அடியில் பிடித்த எண்ணெய் மாதிரிக் கரி படிந்து கிடந்தது.

டர்போச் சக்கரம் புகைச் சூட்டில் சிவக்கச் சிவக்கச் சுழல்வது. அதன் தண்டு ஒயிலில் மிதந்துகொண்டு சுற்றுவது. இறங்கிய கையோடு எஞ்சினை நிறுத்தினால் ஒயில் ஓட்டம் நின்றுவிடும், சூடு நிற்காது. நின்ற ஒயில் உள்ளேயே வெந்து கரியாகும். அதனால் இறங்கிய பிறகு நாலு நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஆறவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். இந்த விதியைப் போட்டவரே தவச்செல்வன்தான். தமிழிலும் ஜெர்மனிலும் அச்சடித்து விமானியின் கண்ணுக்கு நேரே ஒட்டியும் வைத்திருந்தார்.

யாரோ அதை மதிக்கவில்லை. போதாததற்கு, எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மணிக்காட்டியில், பறப்புப் புத்தகத்தில் இல்லாத நேரமும் இருந்தது. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் இருபது இருபது நிமிடம். இருபது நிமிடத்தில் ஒரு வட்டம் அடிக்கலாம். ஆரையோ ஏற்றிக்கொண்டு வட்டம் அடித்துவிட்டு, பேருந்துச் சாரதி மாதிரித் திறப்பைத் திருகி நிறுத்திவிட்டுப் போகிறார் மச்சான். எரிந்த ஒயிலை ஒளிக்கத்தான் ஆணியையும் கழற்றியிருக்கிறார். தவச்செல்வனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

வீட்டுக்குப் போனதும் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"உம்மட கொண்ணை கள்ளப் பறப்புப் பறக்கிறார்," என்றார்.

வதனி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். "அண்ணை அப்பிடிச் செய்யமாட்டார்."

"டர்போவைப் பழுதாக்கிப்போட்டார். ஆதாரம் இருக்கு, ஆணிக் கம்பி இடப்பக்கமா முறுக்கியிருக்கு. வாற சனிக்கிழமை ஹெர் ஏகர் வாறார். அவருக்கு முன்னாலை விசாரிச்சு, திறப்பை வாங்கிப் போட்டு அனுப்பப்போறன். இனி அந்த ஹங்கார்ப் பக்கம் அவர் காலடி வைக்கக் கூடாது."

ஹெர் ஏகர், சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லி, வேலையைச் சரிபார்க்கிற முதியவர்.

"என்னப்பா சொல்லுறியள்? உங்களுக்கெண்டு இருக்கிறது அந்த ஒரு மனிசன்."

"களவுக்கு நான் துணை போக ஏலாது."

வதனியின் கத்தி பலகையில் பலமாக விழுந்தது. அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் சோறு இருந்தது, பேச்சு இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் அறைக்குள் இருந்து தமையனோடு தொலைபேசியில் கதைத்தாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"அண்ணை ஒத்துக்கொண்டிட்டார். தான்தானாம். இனியாவது விடுங்கோ."

வேறு யாராவது என்றால் இதோடு மனம் ஆறியிருப்பார்கள். தவச்செல்வனுக்கோ சந்தேகம் இரட்டித்தது. கேட்ட உடனே ஒருத்தன் ஒத்துக்கொள்கிறான் என்றால், அதைவிடப் பெரிசாக எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். சின்னக் களவை ஒப்புக்கொண்டு பெரிய களவை அமுக்கப் பார்க்கிறார் மச்சான். விடக்கூடாது. எஞ்சினின் சூட்டையும் விமானத்தின் உயரத்தையும் நொடிக்கு நொடி பதிந்து வைக்கும் கருவி ஒன்று விமானத்தில் இருக்கிறது. அதன் பதிவு அட்டையைக் கணினியில் போட்டால் அத்தனையும் வெளியே வந்துவிடும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஏகரோடு சேர்த்து மூவரும் ஹங்காரில் நின்றார்கள். புண்ணியமூர்த்தி இரவு வேலை முடித்து நேரே ரயிலேறி வந்திருந்தார். முகம் வீங்கிக் கிடந்தது. "என்ன மச்சான், சுகமோ?" என்று கேட்டார். தவச்செல்வன் அட்டையை ஏகரிடம் கொடுத்தார்.

"எல்லாப் பறப்பையும் போட்டுக் காட்டுங்கள்," என்று ஜெர்மனில் சொன்னார். "ஒன்றையும் விடவேண்டாம்."

ஏகர் மடிக்கணினியை வேலை மேசையில் வைத்து, வெள்ளை மீசையைத் தடவித் தடவிப் பார்த்தார். திரையில் சிவப்புக் கோடுகள் வந்தன. டர்போவின் சூடு ஏறுவதும் இறங்குவதும். வியாழக்கிழமைக் கோடுகள் எல்லாம் இறங்கிய பிறகு மெல்ல மெல்லச் சரிந்தன. நாலு நிமிடம், ஐந்து நிமிடம், ஒரு நாள் ஆறு நிமிடம். சனிக்கிழமைக் கோடுகள் உச்சியில் நின்று அப்படியே அறுந்து விழுந்தன.

"பதினொன்று ஐம்பத்தெட்டு," என்று எஞ்சின் நின்ற நேரத்தை ஏகர் வாசித்தார். "பதினொன்று ஐம்பத்தொன்பது. மறுபடி ஐம்பத்தெட்டு. பதினாலு சனிக்கிழமையில் பதினொரு தடவை, எஞ்சின் கொதிக்கக் கொதிக்க நிறுத்தப்பட்டிருக்கிறது." தலையை நிமிர்த்தினார். "சனிக்கிழமைகளில் பறப்பது யார்?"

தவச்செல்வனுக்கு முதலில் அந்தக் கருவி மீதுதான் சந்தேகம் வந்தது. பிறகு அட்டையில் வந்தது. மச்சான் அட்டையை மாற்றியிருப்பாரோ? தேதியைத் திருத்தியிருப்பாரோ? இப்படி ஒரு விநாடி, இரண்டு விநாடி. அதற்குமேல் மனசு ஓட இடமில்லாமல் நின்றுவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு அந்த விமானத் தளத்தில் மதிய அமைதி. ஒன்றரை வரை எஞ்சின் சத்தம் கேட்கக் கூடாது. வேலிக்கு அந்தப் பக்கம் வீடுகள். பதினாலு வருடத்துக்கு முன், சத்தம் போடக் கூடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, தவச்செல்வன் வீட்டுச் சுவரில் துளை போட்டார். ஒரே ஒரு துளை. பக்கத்து வீட்டுக்காரர் கெமைண்டே என்ற உள்ளூராட்சி அலுவலகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார். குடியுரிமை நேர்முகத்தில் அந்தக் கடிதத்தை மேசையில் வைத்து, இந்த நாட்டு ஒழுங்கு தெரியுமா என்று கேட்டார்கள். கடவுச்சீட்டு இரண்டு வருடம் பிந்தியது. அன்றைக்கு முகத்தில் ஏறிய சூடு இன்னும் ஆறவில்லை. அதிலிருந்து பன்னிரண்டு அடித்த பிறகு அவர் கையால் எதுவும் சத்தம் போடாது. ஆனால் மலையைக் கண்டால் இன்னும் ஒரு வட்டம் என்று ஆசை வரும்; ஒவ்வொரு சனியும் கடைசி நிமிடத்தில்தான் இறங்குவார், உடனே திறப்பைத் திருப்புவார். அதை அவர் ஒருநாளும் விதி மீறலாக நினைத்ததில்லை. விதிக்குப் பணிவதாகத்தான் நினைத்திருந்தார்.

"நான்," என்றார். திரையில் அறுந்து கிடந்த கோட்டைத் தொட்டுக் காட்டித் திரும்பச் சொன்னார். "சனிக்கிழமை நான்."

ஏகர் திரையை நகர்த்தினார். "அப்படியானால் இந்தச் சின்னப் பதிவுகள்? எஞ்சின் ஓடியிருக்கிறது, விமானம் தரையை விட்டு எழும்பவில்லை."

புண்ணியமூர்த்தி அலுமாரிக்குப் பின்னால் போய் இரண்டு பெரிய பிளாஸ்டிக் கான்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டிலும் தார் மாதிரிக் கறுத்த ஒயில்.

"நான்தான் மாத்தினனான்," என்றார், முதலில் தமிழில், பிறகு ஜெர்மனில். "ஏப்ரலிலேயே புகையைக் கண்டுட்டன். ரெண்டு கிழமைக்கு ஒருக்கால் எஞ்சினைச் சூடாக்கி, பழசை வடிச்சுப் புதுசு விட்டன். புது ஒயில் விட்டால் கொஞ்சக் காலம் தாங்கும் எண்டு பார்த்தன்."

"ஏன் புத்தகத்தில் எழுதவில்லை?" ஏகருக்கு இப்போதுதான் கோபம் வந்தது. ஒயில் மாற்றினால் எழுத வேண்டும், பழுதைக் கண்டால் சொல்ல வேண்டும், வானத்தில் டர்போ இறுகி நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இருவரையும் சேர்த்து வைத்து ஏசினார். புது டர்போ பூட்டித் தான் வந்து பார்க்கும்வரை ஒருவரும் பறக்க முடியாது. பழுதின் காரணத்தையும், காரணமானவர் பெயரையும் இன்றைக்கே எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். சொல்லிவிட்டுச் சிகரெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

தவச்செல்வன் மச்சானின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உமக்கோ?" புண்ணியமூர்த்தி சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "கூட நிக்கிறவனைப் பிடிக்கக் கம்பியில அடையாளம் பார்க்கிற ஆள் நீர். உமக்குப் பிழை உம்மடது எண்டு ஆர் சொல்லுறது? சொன்னால் என்னை விட்டு வைப்பீரோ?"

"செத்திருப்பம், மச்சான்."

"ஓம். அது என்ர பிழை. அதையும் எழுதும்."

"அப்ப வதனியிட்டை ஏன் நீர்தான் செய்தது எண்டு சொன்னீர்?"

"அவள் அழுதவள். நீர் அஞ்சு நாளா அவளோட முகம் குடுத்துக் கதைக்கேல்லையாம். ஆராவது ஒராள் ஓம் எண்டு சொன்னால் உங்கட வீட்டில சண்டை நிக்கும்தானே. சொன்னன்." சட்டைப்பையைத் துழாவித் தன் திறப்பை எடுத்து இறக்கையின் மேல் வைத்தார். "திறப்பையும் கேட்டனீராம். இந்தாரும்."

"எடும், பையில போடும்" என்று சொல்லத் தவச்செல்வன் வாய் எடுத்தார். இத்தனை வருடமாக மற்றவர் பிழைகளை மட்டும் சொல்லிப் பழகிய நாக்கு எழும்பவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்த நேரம் பார்த்து அவருடைய தொலைபேசி அடித்தது. வதனி.

"என்னப்பா, முடிஞ்சுதோ?" அவள் கெஞ்சுகிற குரலில் கேட்டாள். "அண்ணையோட சத்தம் போட்டியளோ? வெள்ளைக்காரனுக்கு முன்னாலை அவரை ஏசாதேங்கோ. செய்ததை ஒத்துக்கொண்டிட்டார்தானே."

மச்சான் தலையை ஆட்டினார். சொல்ல வேண்டாம், விடும், என்கிற மாதிரி.

இன்னும் ஒரு நிமிடம் பேசாமல் நின்றால் அப்படியே போய்விடும். யாருக்கும் தெரியாது. ஏகர் எழுதச் சொன்னது ஜெர்மனில். வதனி அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்க்கப்போவதில்லை. இப்படி ஒரு வழி இருப்பது தவச்செல்வனுக்கும் தெரிந்தது. தெரிந்ததும் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"கொண்ணை செய்யேல்லை, வதனி," என்றார். "நான்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான்தான் செய்திருக்கிறன். அவர் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை.

"வதனி?"

"அண்ணை பக்கத்தில நிக்கிறாரோ?"

"ஓம்."

"அவரிட்டைக் குடுங்கோ. உங்களோட பிறகு கதைக்கிறன்."

தவச்செல்வன் தொலைபேசியை நீட்டினார். புண்ணியமூர்த்தி கையைத் துணியில் துடைத்துவிட்டு, இடக்கையால் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, "சொல்லு பிள்ளை," என்றபடி வெளியே வெயிலுக்குள் நடந்தார்.