அமுக்கு, விடு

உலகத்தில் பேய் என்று ஒன்று கிடையாது. இருப்பதெல்லாம் காற்றுக் குமிழிதான். இந்தப் பேருண்மையை வாத்தியார், காரின் பின் சக்கரத்தடியில் மல்லாந்து படுத்தபடி அறிவித்தார். கல்லூரியில் இயற்பியல் நடத்துபவர், படுத்துக்கொண்டும் நடத்துவார்.

பிரேக்கை மிதித்தால் பெடல் மெத்தென்று தரைவரை போனது. நாளைக் காலை அவருடைய அம்மாவைக் கண் ஆபரேஷனுக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகும் செங்குத்து இறக்கத்தில், இந்தக் காரில் மனைவிதான் கூட்டிப்போக வேண்டும்.

"குழாய்ல காத்து பூந்திருக்கு. வெளிய விரட்டினா சரியாப்போச்சு. இதுக்கெல்லாமா மெக்கானிக்?"

அது பழைய டிரைவிங் ஸ்கூல் கார். பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் பெடல் உண்டு. அதில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த மாஸ்டர் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். மகன் விற்றான், இவர்கள் வாங்கினார்கள். மனைவி இதே காரில் அவரிடம் கற்றவள். இன்றும் காலி இருக்கையைப் பார்த்து, "மாஸ்டர், எடுக்கட்டுமா?" என்று கேட்டபிறகுதான் சாவியைத் தொடுவாள்.

"கேளு, நல்லா கேளு. செத்தும் லீவு கிடைக்காத ஒரே மனுஷன்!"

"வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க," என்றாள் மனைவி, டிரைவர் இருக்கையில் பெடல்மேல் கால் வைத்தபடி.

"அமுக்கு!"

"அமுக்கிட்டேன்!"

சக்கரத்தடித் திருகை ஸ்பேனரால் தளர்த்துவார். பழுப்பு பிரேக் ஆயில் குமிழியோடு டியூப் வழியே பாட்டிலில் இறங்கும். இறுக்கிவிட்டு, "விடு!" என்பார். "விட்டுட்டேன்!" இறுக்குவதற்குள் காலை எடுத்தால் காற்று மறுபடி உள்ளே ஏறிவிடும், பட்ட பாடெல்லாம் பாழ்.

நான்கு சக்கரமும் ஒரு சுற்று முடிந்தது. பெடல் இன்னும் மெத்தென்றே இருந்தது. மீண்டும் பின் சக்கரத்துக்கு வந்து, குமிழியின் குணாதிசயங்களை விளக்கியபடி படுத்தார்.

"அமுக்கு!"

பதில் இல்லை. டொக் என்று பெடல் இறங்கும் சத்தம் மட்டும். கோபம் போலிருக்கிறது. தளர்த்தினார். ஆயில் நடுங்காமல், ஒரே சீராக வந்தது. ஒரு குமிழிகூட இல்லை.

"இப்பதாம்மா ஒழுங்கா அமுக்குற! முன்னாடியே இப்படி அமுக்கியிருந்தா…"

"யாருகிட்ட பேசறீங்க?"

மனைவியின் குரல் பின்னாலிருந்த சமையலறை ஜன்னலிலிருந்து வந்தது. "அத்தை கூப்பிடறாங்க, போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்? காதுல விழலையா?"

ஸ்பேனர் கையில். திருகு திறந்தபடி. உள்ளே இருக்கும் கால் இப்போது எழுந்தால் எல்லாம் போச்சு. நாளை இறக்கம், அம்மா, மனைவி. வாத்தியார் இறுக்கினார். கை இரண்டு முறை வழுக்கியது. உள்ளே கால் பொறுமையாகக் காத்திருந்தது.

"வி… விடுங்க," என்றார். மரியாதை தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

டொக்.

ஜாக்கியை இறக்கிவிட்டுக் கதவுக்கு வெளியே நின்றபடியே பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது.

"சரியாயிடுச்சா? தெருவுல ஒரு ரவுண்டு அடிச்சுப் பாத்துட்டு வாங்க!" என்றாள் மனைவி ஜன்னலிலிருந்து.

உட்கார்ந்தார். பெல்ட் போட்டார். முதுகை நிமிர்த்தினார். ஜன்னலில் மனைவி இல்லை என்பதை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, பக்கத்து இருக்கை இருந்த திசைக்கே திரும்பாமல், மெல்லக் கேட்டார்:

"மாஸ்டர்… எடுக்கட்டுமா?"