ஐந்து பேர் செய்த கட்டில்

ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யும் அந்தக் கம்பெனியில் மொத்தமே ஐந்து பேர். போன் எடுக்கத்தான் அவளை வேலைக்குச் சேர்த்தார்கள். அதனால் எல்லோருக்கும் அவள் போனக்கா. ஆறு வருஷத்தில் அவள் கை படாத வேலை அங்கே இல்லை. வெல்டருக்குக் குழாய் பிடிப்பாள், பெயின்டர் லீவு போட்டால் பிரஷ்ஷை எடுப்பாள், நட்டு முடுக்குவாள், நேரத்துக்கு வராத லாரிக்காரனோடு மல்லுக்கும் நிற்பாள்.

புதிதாகக் கட்டிய பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு இருநூறு கட்டில் தேவைப்பட்டது. செய்து காட்டச் சொல்லி மூன்று கம்பெனிகளைக் கூப்பிட்டிருந்தார்கள். மற்ற இரண்டுக்கும் இவர்களுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். போதாக்குறைக்கு, பேச வேண்டிய முதலாளிக்கு கட்டிலைக் காட்டப்போகிற அன்று காலை பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்று. அவளைக் காட்டினார், தன் வாயைக் காட்டினார், கும்பிட்டார்.

"நானா? எனக்குக் கூட்டத்துல பேசணும்னா பயம் சார்."

முதலாளி ஒரு சீட்டில் கிறுக்கி நீட்டினார்: 'போன்ல பேசற மாதிரி பேசு.'

ஆஸ்பத்திரி ஹாலில் பெரிய கம்பெனிக்காரர்கள் கோட்டும் டையுமாகத் திரையில் படம் காட்டினார்கள். ரிமோட்டை அமுக்கினால் அவர்களுடைய கட்டில்கள் சத்தமில்லாமல் ஏறி இறங்கின. முதலாளி பின்னால் வர, இவளும் வெல்டரும் தள்ளிக்கொண்டு வந்த கட்டிலை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து தலைமை நர்ஸ் எழுந்து வந்தார். நேராகப் போய்ச் சுவரிலிருந்த பிளக்குகளைப் பிடுங்கினார்.

"கரண்ட் போச்சு. நோயாளிக்கு மூச்சு முட்டுது. நர்ஸ் ஒருத்திதான் இருக்கா. தலைப்பக்கத்தைத் தூக்குங்க பார்க்கலாம்."

"பேட்டரி இருக்கு மேடம்."

"அதுவும் இறங்கிடுச்சுன்னு வச்சுக்குங்க."

ஒரு கோட்டுக்காரர் மண்டியிட்டுக் கட்டிலுக்கடியில் துழாவினார். இன்னொருவர், "சர்வீஸ் டிபார்ட்மென்ட்டைக் கேட்டுச் சொல்றேன்" என்று போனோடு வெளியே போனார்.

போனக்காவுக்குப் பயம் போன இடம் தெரியவில்லை. "மேடம், இங்க வந்து படுங்க" என்றாள்.

தலைமை நர்ஸ் நல்ல கனமான உடம்புக்காரர். படுத்தார். அவள் பக்கவாட்டிலிருந்த பிடியை இழுத்து எட்டுச் சுற்றுச் சுற்றினாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பிடியைக் கால்மாட்டுலதானே வைப்பாங்க? இது ஏன் இங்க இருக்கு?"

"ஒரு சிஸ்டர் போன்ல அழுதாங்க மேடம். பிடியைச் சுத்தக் கால்மாட்டுக்கு ஓடினா நோயாளி முகம் தெரியலேன்னு. போனை வச்சுட்டு நேரா எங்க வெல்டர் அண்ணன்கிட்ட போய்ச் சொன்னேன். மறுநாளே வெட்டி மாத்திட்டார். இப்ப உங்க முகம் எனக்கு நல்லாத் தெரியுது பாருங்க."

"நீங்க எந்த டிபார்ட்மென்ட்?"

"டிபார்ட்மென்ட்டெல்லாம் இல்லீங்க. நாங்க மொத்தமே அஞ்சு பேர்தான்."

ஹாலே சிரித்தது. பெரிய டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "அஞ்சு பேர் இருநூறு கட்டிலை எப்பம்மா தருவீங்க?"

அவள் முதலாளியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இரண்டு விரலைக் காட்டினார், பிறகு ஐந்தைக் காட்டினார்.

"மாசம் இருபத்தஞ்சு தருவோம் சார். அதுக்கு மேல சொன்னா அது பொய்."

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். தலைமை நர்ஸோ கட்டிலை விட்டு இறங்குகிற வழியாக இல்லை. சாய்ந்தபடியே சொன்னார்: "மாசத்துக்கு ஒரு வார்டுதானே திறக்கப்போறோம்? எட்டு வார்டு, எட்டு மாசம். கணக்கு சரியா இருக்கு டாக்டர். எனக்கு இந்தக் கட்டில்தான் வேணும்."

ஆர்டரோடு வெளியே வந்ததும் முதலாளி சத்தமே வராமல் ஓவென்று கத்தினார். வெல்டர் நடைபாதையிலேயே இரண்டு குதி குதித்தார்.

முதல் வார்டு திறந்த அன்று பட்டறையைப் பூட்டிவிட்டு ஐந்து பேரும் போனார்கள். ஜன்னல் வெயிலில் இருபத்தைந்து கட்டில்களும் பளபளவென்று வரிசை கட்டி நின்றன. நடுக்கட்டிலில் ஒரு வயதானவர் சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போனக்கா கிட்டே போய் நின்றாள்.

"யாரும்மா நீ?"

"இந்தக் கட்டிலைச் செஞ்சவ" என்றாள் அவள், வார்டு முழுக்கக் கேட்கும்படி.