கடைசி லீவுக் காட்சி

படம் எடுத்து முடித்தாகிவிட்டது, ஒரு காட்சிக்கு மட்டும் இருதயமேரியின் சம்மதம் வேண்டும் என்று உதவி இயக்குநர் ஜீனத் சென்னையிலிருந்து பாலக்கரைக்கு வந்திருந்தாள். தொண்ணூற்றொன்பதில் எல்லையில் நடந்த போரில் செத்துப்போன, ராணுவத்தில் நாயக்காக இருந்த ஸ்தனிஸ்லாஸைப் பற்றிய படம். இருதயமேரி அவருடைய மனைவி. அப்போது கல்யாணமாகிப் பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. இப்போது அவளுக்கு ஐம்பது வயது.

கொழுந்தன் பெனடிக்ட்டும் திருவானைக்காவலிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தான். ஜீனத் லேப்டாப்பைத் திறந்து அவர்கள் பக்கம் திருப்பினாள்.

கடைசி லீவின் கடைசி இரவு. வெளியே மழை. கதாநாயகன் மனைவியின் ஈரக் கூந்தலை அவிழ்க்கிறான். அவள் அவன் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறாள். அப்புறம் தோள், முதுகு, பின்னிக்கொள்ளும் விரல்கள், கண்மூடிக் கிடக்கும் அவள் முகம். நாலு நிமிஷம். அந்த நடிகைக்கு இருதயமேரியின் கல்யாண போட்டோவைப் பார்த்துச் சிலுவைத் தாலி போட்டிருந்தார்கள்.

பெனடிக்ட் பாதியிலேயே எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அண்ணன் உசுரக் குடுத்துச்சுன்னு படம் எடுத்தீங்களா, அண்ணிய அவுத்துக் காட்டணும்னு எடுத்தீங்களா? நாளைக்கு அண்ணி ரோட்டுல நடந்தா பாக்கறவன் எதை நினைப்பான்?"

"அசிங்கமா ஒண்ணும் காட்டலைங்க சார். எதை விட்டுட்டுப் போனாருன்னு தெரிஞ்சாத்தானே அவர் சாகும்போது ஜனங்களுக்கு வலிக்கும்? ஆனா அம்மா வேணாம்னா எடுத்துடுவோம். அதுக்குத்தான் கேக்க வந்தேன்" என்றாள் ஜீனத்.

காபி போடுகிறேன் என்று இருதயமேரி அடுப்படிக்குப் போனாள். ஜீனத்தும் பின்னாலேயே போனாள். பால் பொங்கி வழிந்தது. இருதயமேரி பார்த்துக்கொண்டே நின்றாள். ஜீனத்தான் அடுப்பை அணைத்தாள்.

"இதை யாரும்மா உங்களுக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லலைம்மா. எழுதினவரோட கற்பனைதான். போர்ப் படம்னா இப்படி ஒரு ராத்திரி இருக்கும்."

"எனக்கு இல்லம்மா" என்றாள் இருதயமேரி.

யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் சொன்னாள். அந்த லீவுக்கு மூன்று வாரம் முன்னால் அவளுக்குக் கரு கலைந்திருந்தது. தந்தி கொடுத்தும் அவரால் வர முடியவில்லை. லீவு கிடைத்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வயிறு காலியாக இருந்தது. பதினைந்து நாளும் அவள் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. கடைசி இரவு அவர் மெல்லத் தோளைத் தொட்டார். "கைய எடுங்க. அங்க போயி உங்க துப்பாக்கியக் கட்டிக்கிட்டுப் படுங்க" என்றாள். அவர் எடுத்துக்கொண்டார். விடியற்காலையில் அவர் கிளம்பும்போது சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்குகிறவள்போலக் கிடந்தாள். ஐம்பதாம் நாள் பெட்டியில் வந்தார். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஜீனத் மூக்கை உறிஞ்சினாள். "காட்சிய எடுத்துடச் சொல்றேம்மா."

"வேணாம். அந்தப் பொண்ணாவது அவரு கைய உதறாம இருந்தாளே. இருக்கட்டும்."

அவள் கையெழுத்துப் போட்டதைப் பார்த்த பெனடிக்ட் காபியைத் தொடாமல் கிளம்பிப் போனான். நாலு மாதம் அவளோடு பேசவில்லை.

படம் 'ஏ' சர்டிபிகேட்டோடு வந்தது. ஒரு புதன்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு இருதயமேரி தனியாகக் காலைக் காட்சிக்குப் போனாள். மழையும் கூந்தலும் வந்தபோது முன்வரிசையில் ஒருவன் விசிலடித்தான். பிறகு அரங்கமே அமைதியாகிவிட்டது. "கொஞ்ச நாள்னாலும் ஆசையா வாழ்ந்திருக்காங்க பாருங்க" என்று பக்கத்து சீட்டுப் பெண் தன் புருஷனிடம் கிசுகிசுத்தாள். இருதயமேரி அதையும் தாங்கிக்கொண்டாள். அடுத்த காட்சியைத்தான் தாங்க முடியவில்லை. ஜீனத் அதைக் காட்டியிருக்கவில்லை. ஜங்ஷனில் ரயில் நகர்கிறது. மனைவி கண்ணீரோடு கையாட்டிக்கொண்டே கூட ஓடுகிறாள்.

எழுந்து வெளியே வந்தவள், ஸ்ரீரங்கம் பஸ் ஏறித் திருவானைக்காவலில் இறங்கினாள். லீவு முடிந்து கிளம்பிய அன்றைக்கு அண்ணனோடு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனவன் பெனடிக்ட்தான். அப்போது அவன் காலேஜ் படித்துக்கொண்டிருந்தான்.

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஜென்சி நாற்காலியை இழுத்துப் போட்டாள். இருதயமேரி உட்காரவில்லை.

"பெனடிக்ட்டு, நீ கோவப்பட்டியே, அந்த ராத்திரி நடக்கவே இல்ல. நான் அவரைத் தொட விடல. ஸ்டேஷனுக்கும் வரல. அங்க என்ன நடந்துச்சுன்னு எனக்குச் சொல்லு."

சோற்றில் வைத்த கையை அவன் எடுக்கவில்லை.

"அண்ணன் ரெண்டு பிளாட்பாரம் டிக்கெட் வாங்கச் சொல்லுச்சு, அண்ணி. எனக்கு ஒண்ணு. நீங்க பின்னாடி வந்தா வாசல்ல தவிக்கக் கூடாதுன்னு இன்னொண்ணு. வண்டி நகர்ற வரைக்கும் உள்ள போய் உக்காரல, படியிலயே நின்னுச்சு."

"எதுவும் சொன்னாரா?"

"'மேரி வந்து கேட்டா, வண்டி முன்னாடியே போயிடுச்சுன்னு சொல்லிடுடா. நான் காத்து நின்னேன்னு தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவா'ன்னு சொல்லுச்சு."

"ஏண்டா இத்தனை வருஷமாச் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே, அண்ணி."

"நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் இருதயமேரி. "அவரு செருப்பு மாட்டுற சத்தம், கதவச் சாத்துற சத்தம், எல்லாம் கேட்டுச்சு."

சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள். ஜென்சி தாங்கிப் பிடித்துத் தரையிலேயே உட்கார வைத்தாள். காய்ந்த கையோடு பெனடிக்ட்டும் எதிரில் உட்கார்ந்து அழுதான். சாயங்காலம் அவனே அவளை வண்டியில் கொண்டுவந்து வீட்டில் விட்டான்.

இரண்டு வாரம் கழித்து ஜீனத் போன் செய்தாள். படம் நன்றாக ஓடுகிறது, பெண்கள் நிறைய வருகிறார்கள் என்றாள்.

"நீங்க பாத்தீங்களாம்மா?"

"பாதி பாத்தேன். நல்லா எடுத்திருக்கீங்க."

"மீதியையும் பாத்துடுங்கம்மா."

"பாக்குறேன்மா" என்றாள். பார்க்கவில்லை.