தண்ணி வத்துற நேரம்

மரியாதைன்னா என்னான்னு எனக்கு ஒரு நாள் முழுக்க கிளாஸ் எடுத்தாங்க. இருபத்திரெண்டு வருஷமா சங்கிலி புடிச்சு நிலம் அளக்குற சர்வேயருக்கு. 2008, ஆடி மாசம், கடலூர்ல ஒரு ஹால். சிதம்பரத்துலேருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே போனேன், அந்தக் கடுப்பு வேற.

பாடம் நடத்துன ஜெயராணி மேடம் பொறுமையாத்தான் சொன்னாங்க. இருளர் குடியிருப்புக்குப் போனா வேலிக்கு வெளியவே நில்லுங்க, கூப்புட்டுக் கேட்டுட்டு உள்ள போங்க, வா போன்னு பேசாதீங்கன்னு. கடைசி வரிசையில நானும் கூட வேலை பாக்குற தங்கராசும் சிரிச்சுக்கிட்டு இருந்தோம்.

மத்தியானம் ஒரு இருளர் அம்மாவைப் பேசக் கூப்புட்டாங்க. ரத்தினம்மாள்னு பேரு. பிச்சாவரம் பக்கம் உப்பங்கழி ஓரத்துலேருந்து வந்திருந்தாங்க. மைக்கைத் தொடவே இல்ல.

"எங்க பதினாலு வீட்டுக்கும் பட்டா கேட்டு மனு குடுத்தோம். அளக்க வந்தவரு, குடிசை இருக்கு, குடியிருக்க ஆளில்லைன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. நாங்க எங்க சார் போவோம்? கழியில தண்ணி வத்துற நேரம். எறா போடுற பறிக்கூடையைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, கழுத்து மட்டும் தண்ணியில கையால தடவி எறா புடிச்சுக்கிட்டு இருந்தோம். புள்ளைங்களும் எங்ககூடத்தான்."

எழுதுன ஆளு நான்தான். அப்பவாவது வாயை மூடிக்கிட்டு இருந்தேனா? "ரெண்டு தடவை வந்து பாத்துட்டுத்தானேம்மா எழுதியிருப்பாங்க?"ன்னு கேட்டேன்.

"ஆமா சார். பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடி வந்தாராம். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா அதே நேரத்துக்குத்தான் தண்ணி வத்தும். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்போமே."

அவுங்க குரல்ல கோவமே இல்ல. திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். தங்கராசு என்னைத் திரும்பிப் பாத்தான். நான் குனிஞ்சுக்கிட்டேன்.

மறுநாள் ஆபீஸ்ல நேரா அதிகாரிகிட்ட போனேன். "சார், அந்த ரிப்போர்ட் தப்பு. ஆளுங்க இருக்காங்க. நானே திருத்தி எழுதிக் கொண்டாந்திருக்கேன்"னேன்.

"எதைய்யா திருத்துறது? ஆளில்லைன்னு நீ எழுதுன பேப்பரை வச்சுத்தான் அந்த எடத்தை எறா பண்ணைக்குக் குடுத்து ஆர்டர் போயிடுச்சு. மூணு வாரம் ஆச்சு."

நான் எழுதிட்டுப் போயிருந்த கடுதாசியை ஓரமா வச்சாரு. அப்புறம் ஒரு கட்டு நோட்டீஸை எடுத்து என் கையில குடுத்தாரு.

"நீதான் ட்ரெயினிங் போனவனாச்சே. பதமா பேசிக் குடுத்துட்டு வா."

முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருந்தேன், பென்ஷனும் கண்ணு முன்னாடி நின்னுச்சு. கேவலம்தான்.

இந்தத் தடவை விசாரிச்சுக்கிட்டு, தண்ணி ஏறுற நேரமாப் பாத்துப் போனேன். வேலிக்கு வெளிய செருப்பைக் கழட்டிட்டு, "அம்மா, உள்ள வரலாங்களா?"ன்னு கூப்புட்டேன். பதினாலு வீட்டு சனமும் வெளிய வந்துடுச்சு. ஒரு பொம்பளை பிளாஸ்டிக் சேரைத் தொடச்சுப் போட்டுச்சு.

ரத்தினம்மாளுக்கு மொகமெல்லாம் சந்தோஷம். "கடலூர்ல பாத்த சாருதான். நேரம் கேட்டுக்கிட்டு வந்திருக்காரு பாருங்க. இன்னைக்கு ஒருத்தர் பாக்கி இல்லாம இருக்கோம் சார்."

பையிலேருந்து அந்தப் பேப்பர் கட்டை எடுத்தேன்.

"பட்டாங்களா சார்?"ன்னு கையை முந்தானையில தொடச்சுட்டு, ரெண்டு கையையும் நீட்டுனாங்க.

"இல்லீங்கம்மா. காலி பண்ணச் சொல்லி நோட்டீஸுங்க"ன்னு, சொல்லிக் குடுத்த மாதிரியே மரியாதையாச் சொன்னேன்.