வாய்க்காலில் மூன்றாம் நாள்

இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு அப்பாவையும் அம்மாவையும் பிரான்சின் வாய்க்கால் ஒன்றில் சொகுசுப் படகுப் பயணத்துக்கு அனுப்பிவைத்தவள் சாருகாதான். மூன்றாம் நாள் மத்தியானம், ஒஸ்லோவில் வேலையில் இருந்தவளுக்கு அம்மாவின் போன் வந்தது.

"அப்பா சாப்பிடேக்கை விழுந்திட்டார் பிள்ளை. டொக்டர் இப்பதான் வந்தவர். பிரெஞ்சிலை கதைக்கினம், எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீ கேட்டுச் சொல்லு."

பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு சாருகா மருத்துவரிடம் கேட்டாள். படகு திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நின்றதாம். ரோட்டில் இருந்து நடந்து வரவே இருபது நிமிடம் போய்விட்டதாம். மிச்சத்தை அவளுக்குப் புரியும்படி மருத்துவர் இரண்டு தடவை சொன்னார்.

போன் மறுபடி அம்மாவின் கைக்குப் போனது. "என்னவாம்? ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகினமோ? அப்பாவின்ரை கம்பளிச் சட்டையை எடுக்கட்டோ?"

அம்மாவுக்குப் பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒருவரும் இல்லை. தான் போய்ச் சேர நாளைக்காகிவிடும்.

"அம்மா, முதல்லை ஒரு இடத்திலை இருங்கோ."

"இருந்திட்டன். சொல்லு."

அப்பா இனி இல்லை என்று சாருகா சொன்னாள்.

போன் விழுந்த சத்தம் கேட்டது. அம்மா கதறினாள். யாரோ ஒரு பெண் பிரெஞ்சில் ஆறுதல் சொன்னாள். "அம்மா, அம்மா" என்று சாருகா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போனை ஒருவரும் எடுக்கவில்லை.