முகத்தைப் பார்த்தால் இரண்டு மார்க்கு

ஏழாவது டோக்கனுக்கு டாக்டர் தசரதன் கை கழுவினார். கதவருகே நின்றிருந்த நர்ஸ் சுலோசனா தண்ணீர்ச் சத்தம் கேட்டும் நம்பவில்லை. பதினோரு வருடமாக அந்தத் தொட்டியில் அவள்தான் டீ டம்ளர் கழுவுகிறாள். டாக்டர் அந்தக் குழாயைத் திறந்து அவள் பார்த்ததில்லை. சோப்பு எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை. ஈரக் கைகளை நீட்டிக்கொண்டு துண்டு தேடினார். கிடைக்காமல் சட்டையில் துடைத்தார். பிறகு நாற்காலியை நோயாளியின் பக்கமாகத் திருப்பிப் போட்டு, எதிரே இருந்த பெண்ணின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து, "வேற ஏதாவது சொல்லணும்னு நினைக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார். வர்ஷா என்கிற அந்தப் பெண் வெள்ளானூர்ப் பக்கம் புதிதாக எழும்பிய அடுக்குமாடிக்குக் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது. சாதாரண ஜலதோஷம். ஆனால் கையில் நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். டாக்டருக்குக் கிலி பிடிக்க அது போதாதா?

அதற்கு முந்தைய ஞாயிறு குமணன்சாவடி ஓட்டல் ஒன்றில் மேற்குப் புறநகர் மருத்துவர் தொடர்கல்வி மன்றத்தின் கூட்டம் நடந்தது. மருத்துவர்கள் காலத்துக்கேற்பப் படித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பது மன்றத்தின் கொள்கை. தசரதனும் படித்துக்கொண்டேதான் இருந்தார். ஆஸ்பத்திரிச் சுவரில் இருபத்தேழு சான்றிதழ்கள் சட்டம் போட்டுத் தொங்கின. 'நோயாளியுடன் உரையாடும் கலை' சான்றிதழ் கொடுக்கப்பட்ட நேரத்தில் அவர் பிரியாணி வரிசையில் இருந்தார் என்பது வேறு விஷயம். வகுப்புகள் கம்ப்யூட்டருக்கு மாறியபிறகு அந்தச் சிரமமும் போயிற்று. காமிராவை அணைத்து, போனைச் சுலோசனாவிடம் கொடுத்து, "கால் மணிக்கு ஒருவாட்டி 'இருக்கேன்'னு ஒரு பட்டன் வரும், அழுத்திடு" என்று சொல்லிவிட்டு டாக்டர் தூங்கப் போவார். போன மாதம் மாரடைப்பு பற்றிய இரண்டு மணி நேர வகுப்பில் டாக்டர் தசரதன் என்ற பெயரில் ஊசிக் குப்பிகளை அடுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தது சுலோசனாதான். பட்டனுக்காகக் காத்திருந்தவள் பாடத்தையும் கேட்டுவிட்டாள். கேள்வி பதில் பகுதியில் பத்துக்கு ஒன்பது. அந்தச் சான்றிதழ்தான் இருபத்தேழாவது.

இப்படியே எல்லா ஊரிலும் நர்சுகளும் மச்சினன்களும் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மன்றத் தலைவருக்கு எப்படியோ தெரிந்துபோயிற்று. இனிமேல் பாடம் கேட்டீர்களா என்று பார்க்கப்போவதில்லை, பாடப்படி நடக்கிறீர்களா என்று பார்க்கப்போகிறோம் என்று மேடையில் அறிவித்தார். நோயாளி மாதிரி நடிக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். முகத்தைப் பார்த்துப் பேசினால் இரண்டு மார்க்கு. கை கழுவினால் ஒன்று. வேறு ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டால் மூன்று. எல்லோருடைய மார்க்கும் அடுத்த கூட்டத்தில் திரையில் வரிசையாகக் காட்டப்படும். அந்தத் திரையில் தன் பெயர், எதிர்ச் சாரியில் கண்ணாடிக் கதவு போட்டு உட்கார்ந்திருக்கிற சின்னப் பையன் டாக்டர் நிர்மலின் பெயருக்குக் கீழே வருவதைத் தசரதன் அன்றிலிருந்து தினமும் மனக்கண்ணில் பார்த்துக்கொண்டிருந்தார்.

வர்ஷாவுக்கு இருபது நிமிடம் ஆயிற்று. அவள் போனதும் டாக்டர் சுலோசனாவைக் கூப்பிட்டார்.

"பார்த்தியா? நோட்டு. அதுவும் பேனாவோட. யாராவது சளிக்கு நோட்டு எடுத்துக்கிட்டு வருவாங்களா? வேஷம். வாசல்லயே பார்த்து எனக்குச் சொல்றதில்லையா?"

"இனிமே சொல்றேன் சார்."

எட்டாவது டோக்கன் கெங்கம்மாள். அதே அடுக்குமாடிகளில் பாத்திரம் தேய்க்கிறவள், சர்க்கரை வியாதிக்காரி. அவளுக்கு நாற்பது விநாடி. "அதே மாத்திரை" என்று டாக்டர் சீட்டைப் பார்த்தே சொன்னார். அவள் ஒரு காலை இழுத்து இழுத்து வெளியே போனதைப் பார்த்தபோதுதான் சுலோசனாவின் தலைக்குள் ஏதோ ஒன்று நகர்ந்தது.

அடுத்த வாரம் கெங்கம்மாளை வாசலிலேயே மடக்கினாள். தன் மகனின் பழைய நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்தாள்.

"எனக்கு எயுதத் தெரியாதே சுலோ."

"யாரு உன்ன எழுதச் சொன்னது? சும்மா மடியில வச்சிக்கோ. அவரு பேசச்சொல்ல அப்பப்ப அதைப் பாரு. 'என் கால ஒருவாட்டி பாருங்க டாக்டர்'னு நிதானமா சொல்லு."

"கோச்சிக்கப் போறாருடி."

"கோச்சிக்க மாட்டாரு. பயப்படுவாரு."

டாக்டர் பயந்தார். செருப்பைக் கழற்றச் சொல்லி, குனிந்து, டார்ச் அடித்துக் காலைப் பார்த்தார். சுண்டுவிரலுக்கு அடியில் கறுத்துப்போன புண் இருந்தது. மூன்று மாதமாக இருக்கிறதாம். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் விரல் போயிருக்கும் என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு, தனக்கு எத்தனை மார்க்கு விழுந்திருக்கும் என்கிற யோசனையோடு கெங்கம்மாளுக்கு எழுந்து நின்று கும்பிடு போட்டார். வெளியே வந்த கெங்கம்மாள், "இன்னாடி இது, கல்யாண ஊட்ல சம்பந்திய அனுப்பறாப்ல அனுப்பறாரு" என்று வாயைப் பொத்திச் சிரித்தாள்.

பழைய நோயாளி எப்படி வேஷமாக முடியும் என்று டாக்டருக்குச் சந்தேகம் வராமல் இல்லை. சுலோசனா அதற்கும் வழி வைத்திருந்தாள். "இப்பல்லாம் புது ஆள அனுப்பறதில்லியாம் சார். நம்ம பேஷண்டையே புடிச்சி ட்ரெயினிங் குடுத்து அனுப்புறாங்களாம். எதிர்ல நிர்மல் சார்கிட்ட வேல செய்யுற பொண்ணு சொல்லிச்சு." அன்றிலிருந்து அவருக்கு ஊரே வேஷமாகிவிட்டது. இருமுகிறவனின் இருமலில் தாளம் சரியாக இருந்தால் சந்தேகப்பட்டார். குழந்தை சொல்லிவைத்ததுபோல் அழுதால் தாயை முறைத்தார். யாரையும் நம்பாததால் எல்லோரையும் பார்த்தார். மூன்று வாரம் அந்த ஆஸ்பத்திரியில் நல்ல வைத்தியம் நடந்தது. ஆவடியிலிருந்துகூட ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலை டாக்டர் விசிலடித்துக்கொண்டே உள்ளே வந்தார். போனைத் தூக்கிக் காட்டினார். மன்றத்தின் செய்தி. பயிற்சி பெற்ற நோயாளிகளின் வருகை நேற்றோடு நிறைவு, முடிவுகள் ஞாயிறன்று. "முடிஞ்சுதுடியம்மா" என்று நாற்காலியை மறுபடியும் மேசைப் பக்கம் திருப்பினார். கை துடைக்கப் புதிதாக மாட்டிய துண்டு கொக்கியிலேயே காய்ந்தது. முதல் ஐந்து டோக்கனும் ஆறே நிமிடத்தில் முடிந்தன.

ஆறாவது டோக்கன் வேம்புலி. ஆவடி ஸ்டேஷனுக்கும் வெள்ளானூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், சுலோசனாவின் தெருக்காரர். பெஞ்சில் உட்காராமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா அண்ணே, மறுபடியும் வயித்துல கேஸா?"

"கேஸுதான் நர்சம்மா. ஸ்டேஷனாண்ட பிரிட்ஜு ஏறிக்கினு இருந்தேனா, நெஞ்ச யாரோ புடிச்சி அமுக்குறாப்ல கீது. அப்பால பாரு, இந்தத் தாடையில ஒரே வலி. பல்லா இருக்கும்னு உட்டுட்டேன்." மின்விசிறிக்குக் கீழே நின்றும் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

தாடை. வியர்வை. ஏறும்போது. சுலோசனாவுக்கு அந்த மாரடைப்புப் பாடத்தின் படங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. கேள்வி நான்கு. அதில் அவள் சரியாகத்தான் அழுத்தியிருந்தாள்.

உள்ளே வேம்புலி "கேஸு மாதிரி..." என்று ஆரம்பித்ததுமே டாக்டர் எழுத ஆரம்பித்துவிட்டார். தலை நிமிரவில்லை. "காரம் குறை. டீயைக் குறை. அடுத்தது."

ஈசிஜி எடுத்துவிடுங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. போன வருடம் ஒருமுறை அப்படிச் சொன்னதற்கு, "நீ எப்ப எம்.டி. முடிச்ச? சொல்லவே இல்லையே?" என்று நோயாளிகள் முன்னால் கேட்டுச் சிரித்தார். இப்போதும் அதையேதான் கேட்பார். மாத்திரைச் சீட்டோடு வேம்புலி கிளம்பிப் போய் ஆட்டோவில் ஏறி உட்காருவார். சுலோசனா மேசையருகே போய்க் குனிந்தாள்.

"சார். அந்த மெசேஜு ஏன் சார் இன்னிக்கி வரணும்?"

"என்ன?"

"முடிஞ்சிபோச்சுன்னு சொன்னாத்தானே நீங்க அசால்ட்டா இருப்பீங்க. அப்ப அனுப்பினாத்தானே உண்மை தெரியும்." குரலை இன்னும் இறக்கினாள். "இவரு நேத்து குமணன்சாவடில அந்த ஓட்டல் வாசல்ல நின்னுக்கினு இருந்தாராம்."

டாக்டரின் பேனா நின்றது. மெல்ல நிமிர்ந்து வேம்புலியைப் பார்த்தார். பத்து வருடமாக வருகிற மனிதர். இடது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பதை அப்போதுதான் கவனித்தார்போல. எழுந்து கை கழுவினார். நாற்காலியைத் திருப்பினார். "சொல்லுங்க. ஒண்ணுவிடாம சொல்லுங்க."

வேம்புலி பாலத்தைச் சொன்னார், நெஞ்சைச் சொன்னார், தாடையைச் சொன்னார். டாக்டரின் உதட்டோரம் லேசாக வளைந்தது. சுலோசனாவின் பக்கம் திரும்பி, "அப்படியே பாடத்துல இருக்கிற மாதிரியே ஒப்பிக்கிறான் பாரு. வேர்வைகூட வருது. பிரமாதமான ட்ரெயினிங்" என்று முணுமுணுத்தார். பிறகு சத்தமாக, "ஈசிஜி எடுத்துரலாம்" என்றார்.

மிஷினின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைச் சுலோசனா கிழித்தெடுத்தாள். மார்பில் ஆறு ரப்பர்க் கிண்ணங்களையும் அவளே ஒட்டினாள். காகிதம் நகர்ந்து வந்தது. டாக்டர் புன்னகை மாறாமல் அதைக் கையில் எடுத்தார். ஒரு சாண் வந்ததும் புன்னகை நின்றது. கிண்ணங்கள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று தானே அழுத்திப் பார்த்து இன்னொரு தடவை ஓட்டினார். அதே கோடு. மேலே ஏறினது இறங்காமல் நின்றது.

அதற்குப் பிறகு அவர் மளமளவென்று வேலை செய்தார். மாத்திரையை மென்று விழுங்கவைத்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், ஊசி போட நரம்பில் குழாய் வைத்தார், நூற்றெட்டுக்கு அவரே பேசினார். ஒன்றும் மறந்துபோயிருக்கவில்லை என்பதைப் பார்க்கச் சுலோசனாவுக்கு ஆத்திரமாகக்கூட இருந்தது.

வண்டி வாசலுக்கு வந்து வேம்புலியை ஏற்றியபோது டாக்டர் அவளைத் தனியே இழுத்தார். நெற்றி வியர்த்திருந்தது.

"நம்ம பேஷண்டுக்கே ட்ரெயினிங் குடுக்கிறாங்கன்னு உனக்கு யார் சொன்னா?"

அவள் வண்டியின் பக்கம் பார்த்தாள்.

"நிர்மல்கிட்ட வேலை செய்யற பொண்ணா? இப்பதான் போன்ல கேட்டேன், அவன்கிட்ட பொண்ணு யாரும் வேலை செய்யல. மூணு வாரமா யாரு வந்தாலும் நீதான் முன்னாடி போய் நிக்கிற. பேசற. நோட்டு குடுக்கிற. எனக்குத் தெரியாதா?"

போயிற்று வேலை என்று சுலோசனா நினைத்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் இருபக்கமும் பார்த்துவிட்டு ஓரடி நெருங்கி வந்தார். பதினோரு வருடத்தில் கேட்டிராத பணிவான குரல்.

"மன்றத்துலேர்ந்து உங்களத்தான் போட்டிருக்காங்க, இல்ல? எனக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க?"

சுலோசனா நிமிர்ந்தாள். இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். வண்டிக்குள் வேம்புலி கண்ணை மூடியிருந்தார். திறந்த சட்டைக்குள் கிண்ணங்கள் விட்டுப்போன ஆறு சிவப்பு வட்டங்கள்.

"வண்டியில ஏறுங்க சார்," என்றாள். "கூடப் போங்க."

டாக்டர் ஏறினார். கதவு சாத்தி, வண்டி சத்தம் போட்டுக்கொண்டு நகர்ந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கியபோது பின்கண்ணாடியில் அவர் தெரிந்தார். ஒரு கை வேம்புலியின் நாடியைப் பிடித்திருந்தது. பார்வை மட்டும் திரும்பி, திருப்பம் வரும்வரை அவள்மேலேயே இருந்தது. பெஞ்சில் டோக்கனோடு இருந்த ஒன்பது பேரும் எழுந்து வாசலுக்கு வந்து, அவர்களும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.